பைக்குப் பெயர் இருக்கிறது, பிடித்திருந்தவருக்கு இல்லை: வோக் அட்டைகளும் படக்கதைகளும்

பல நாடுகளில் தனித்தனிப் பதிப்பாக வரும் வோக் ஃபேஷன் இதழைப் பற்றிய என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி, வெளிச்சம், உடம்பு மூன்றையும் ஒரு பக்கத்தில் சேர்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கமெராவைத் தூக்கிக்கொண்டு எங்களைப் போன்ற இடங்களுக்கு வந்தவுடன் அந்தக் கெட்டித்தனம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அங்கே வாழ்கிற ஆட்கள் பின்னால் தொங்கும் திரையாகிவிடுகிறார்கள்.

நான் கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்டத் தையல் கடை வைத்திருக்கிறேன். சாறி பிளவுஸ், கலியாண வேலை, வருடத் தொடக்கத்தில் பள்ளிச் சீருடை. "அக்கா, இதே மாதிரிக் கை வேணும்" என்று பிள்ளைகள் போனை நீட்டுவார்கள். அந்தப் படங்கள் பலதும் இந்திய வோக்கின் கலியாணப் பக்கங்களில் பிறந்து கைமாறிக் கைமாறி வந்தவை. ஆகவே இந்த இதழைப் பார்ப்பது என் தொழிலில் ஒரு பகுதி. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வரும்போது கொண்டுவரும் இதழ்கள் கடையில் இருக்கின்றன, பழையவற்றைப் போனில் தேடிப் பார்ப்பேன். முகத்தைப் பார்க்க முதல் தோள் தையலைப் பார்ப்பேன். பிறகு பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விபரக்குறிப்பை வாசிப்பேன். யார் தைத்தது, யார் உடுத்தது, யார் எடுத்தது எல்லாம் அங்கேதான் இருக்கும். அல்லது இருக்காது.

நல்லதில் தொடங்குகிறேன். 1988 நவம்பர் அமெரிக்க வோக், அன்னா வின்டூர் ஆசிரியராக வந்து போட்ட முதல் அட்டை. மிக்கேலா பெர்கு என்ற மொடல், மேலே கல் பதித்த சிலுவையோடு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லக்ருவாவின் மேற்சட்டை, கீழே வெளிறிப்போன ஜீன்ஸ். பீட்டர் லின்ட்பெர்க் வெளியில் வைத்து எடுத்த படம், தலைமுடி காற்றில் கலைந்திருக்கிறது. அச்சகத்தில் இருந்து போன் எடுத்து, படம் மாறி வந்துவிட்டதா என்று கேட்டார்களாம். உண்மையில் அந்த மேற்சட்டைக்குச் சோடியாக ஒரு பாவாடையும் இருந்தது. மொடல் கொஞ்சம் உடம்பு வைத்திருந்ததால் அது பொருந்தவில்லை. அதனால்தான் ஜீன்ஸ். தையல்காரியாக எனக்கு இந்த அட்டை பிடிக்கக் காரணமே அதுதான். பாவாடையைப் பின்னால் பிளந்து கிளிப் போட்டு மறைத்திருக்கலாம், அப்படிச் செய்யும் வழக்கம் அந்தத் தொழிலில் தாராளமாக உண்டு. அவர்கள் உடம்பை விட்டுவிட்டு உடுப்பை மாற்றினார்கள். என் மேசையிலும் நடக்க வேண்டியது அதுதான்.

2021 பெப்ரவரி அமெரிக்க வோக் அட்டையில், துணை ஜனாதிபதியாகப் பதவியேற்கவிருந்த கமலா ஹாரிஸ். தாய் சியாமளா கோபாலன் சென்னைப் பெண், தாயின் தகப்பனுக்கு ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். எங்கள் குடும்பக் குழுவில் அந்தப் படம் வந்தபோது ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் சரியாகப் படவில்லை. படப்பிடிப்பாளர் டைலர் மிச்செல் கெட்டிக்காரர், 2018 செப்டம்பரில் பியோன்சேயை எடுத்து, அமெரிக்க வோக் அட்டைக்குப் படம் எடுத்த முதல் கறுப்பினத்தவர் என்ற இடத்தைப் பெற்றவர். கமலாவின் பின்னால் தொங்கும் இளஞ்சிவப்பும் பச்சையும் அவருடைய பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் நிறங்கள் என்பதும் நல்ல யோசனை. ஆனால் அந்தத் துணியைப் பாருங்கள். சுருங்கிக் கசங்கி நிலத்தில் குவிந்து கிடக்கிறது, அயன் பெட்டி அதைத் தொட்ட மாதிரித் தெரியவில்லை. கறுப்பு உடுப்பும் சப்பாத்தும் அவர் வழக்கமாகப் போடுபவைதான், அதில் எனக்குக் குறையில்லை. பதவியேற்கப் போகிற ஒரு பெண்ணைச் சுற்றி வைத்த பொருளில் கவனம் இல்லை என்பதுதான் என் கோபம். வெளிர்நீலக் கோட்டோடு கைகட்டி நிற்கும் இன்னொரு படம் அதே படப்பிடிப்பில் எடுத்தது. அதைத்தான் அட்டையில் எதிர்பார்த்ததாக அவர் தரப்பில் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அதையும் சிறப்புப் பதிப்பாக அச்சிட்டார்கள். முதலிலேயே தெரிந்திருக்க வேண்டிய விசயம்.

தோல் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 பெப்ரவரி பிரித்தானிய வோக்கில் ஒன்பது ஆபிரிக்க மொடல்கள். ஆசிரியர் எட்வேர்ட் எனின்ஃபுல், அந்த இதழின் முதல் கறுப்பின ஆசிரியர். படம் எடுத்தவர் பிரேசில்காரர் ரஃபாயேல் பவரொட்டி. நோக்கம் மிக நல்லது. ஆனால் கறுப்பு உடுப்பு, இருண்ட பின்னணி, குறைந்த வெளிச்சம் எல்லாம் சேர்ந்து ஒன்பது பேரின் தோலையும் ஒரே கறுப்பாக்கிவிட்டன. ஒவ்வொருத்தியின் நிறத்திலும் இருந்த வித்தியாசம் போய்விட்டது. இங்கே எங்கள் கலியாண ஸ்டூடியோக்களில் நடப்பது இதற்கு நேரெதிர். பொம்பிளையின் முகத்தை வெளுப்பாக்கி, கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறமாக அல்பம் வரும். நான் மாநிறத்துக்குப் பொருத்தம் பார்த்து எடுத்துக்கொடுத்த மாம்பழ மஞ்சள் பிளவுஸ், வெளுத்த முகத்துக்குப் பக்கத்தில் செத்துப்போய்க் கிடக்கும். இரண்டு பக்கமும் பிழை ஒன்றுதான்: அந்தப் பெண்ணின் தோலுக்கு என்று வெளிச்சம் வைக்கவில்லை.

இனி எனக்குத் தொண்டையில் சிக்கிய முள். இந்திய வோக், 2008 ஆகஸ்ட். இதழ் இந்தியாவில் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். அதில் ஒரு படக்கதை, அதாவது பல பக்கங்களுக்கு ஓடும் ஃபேஷன் படத்தொகுப்பு, வந்தது. மேல்வரிசை முன்பற்கள் இல்லாத ஒரு வயதான அம்மா குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார், குழந்தையின் கழுத்தில் ஃபெண்டியின் எச்சில் துணி, விலை 100 டொலர் அளவில். வெறுங்காலோடு ஒரு மனிதர் 200 டொலர் பேர்பெரிக் குடையை விரித்துப் பிடித்திருக்கிறார். ஒரு மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பமே நெருக்கியிருக்க, தாயின் கையில் 10,000 டொலருக்கு மேல் விலைபோகும் ஹெர்மெஸ் பிர்கின் பை. விபரக்குறிப்பில் பையின் பெயர் இருக்கிறது, குடையின் பெயர் இருக்கிறது. மனிதர்களின் பெயர் இல்லை. எதிர்ப்பு வந்தபோது ஆசிரியர் பிரியா தன்னா, ஃபேஷன் இனிப் பணக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை, இதை இலேசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்ற மாதிரிப் பதில் சொன்னார்.

ஏழைகள் விலைகூடிய பொருளைத் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசிரியரின் பேச்சையே எடுத்துக்கொள்வோம். ஃபேஷன் எல்லாருக்கும் சொந்தம் என்றால், அந்த அம்மா உடுத்திருந்ததும் ஃபேஷன்தானே? அது எந்த ஊர் நெசவு, ஏன் அப்படிக் கட்டுகிறார், எந்தக் கடையில் வாங்கியது? மனிதரின் தலையில் இருந்த துணியை எப்படிச் சுற்றினார்? அதற்கெல்லாம் ஒரு வரி இல்லை. படத்தில் வேலை செய்கிற துணியில் முக்கால்வாசி அவர்களுடைய சொந்தத் துணி, பெயர் மட்டும் வெளியில் இருந்து வந்த பொருளுக்கு. கலை இயக்கம் என்ற அளவில் பார்த்தாலும் இது சோம்பல் வேலை. இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்து, விலை வித்தியாசத்தைப் பார்த்துத் திடுக்கிடுங்கள் என்கிறது. அதற்குமேல் அந்தப் படத்தில் யோசனை கிடையாது.

வன்னியில் இருப்பவர்களுக்கு இந்தப் படம் புதிதில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலத்திலும், மீள்குடியேறிய பிறகும், எத்தனையோ பேர் வந்து எங்களைப் படம் எடுத்தார்கள். கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று தங்களையும் எடுத்தார்கள். வாழ்வாதாரத்துக்கு என்று தையல் மெஷின்கள் கொடுக்கப்பட்டன. எனக்கும் ஒன்று கிடைத்தது, நன்றியோடுதான் வாங்கினேன். அதன் பக்கத்தில் கொடுத்தவர்களின் சின்னம் ஒட்டியிருந்தது. பிறகு வந்த அறிக்கைப் புத்தகத்தில் என் படமும் இருந்தது. மெஷின் தெளிவாக, சின்னம் தெளிவாக, எனக்குப் பெயர் இல்லாமல். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது வந்த அதே எரிச்சல்தான் இந்திய வோக்கின் அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதும் வந்தது.

போரை எடுத்த பக்கங்கள் இதைவிடச் சிக்கலானவை. இத்தாலி வோக்கில் ஸ்டீவன் மைசல் 2006 செப்டம்பரில் செய்த படக்கதையில், ஆயுதம் தரித்த காவலர்கள் மொடல்களை நிலத்தில் அமுக்கிச் சோதனை போடுகிறார்கள். அடுத்த வருடம் அதே மாதம், பாலைவன இராணுவ முகாமில் சிப்பாய்களுக்கு நடுவே மொடல்கள். வெளிச்சத்தில் மைசலுக்கு ஈடு சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு படமும் எண்ணெய் ஓவியம்போல நிற்கிறது. ஆனால் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, கையை விரித்து நின்ற பெண் ஒருத்தியால் அந்தப் பக்கத்தைப் புரட்ட முடியாது. அதிகாரத்தை விமர்சிக்கிறோம் என்று அவர்கள் சொல்லலாம். விமர்சனம் என்றால் சோதிக்கப்படுகிறவளின் பக்கம் கமெரா நிற்க வேண்டும். அங்கே கமெரா நிற்பது காவலனின் தோளுக்குப் பின்னால்.

இதே இதழுக்கு வேறொரு வழியும் தெரியும். லீ மில்லர் 1927இல் வோக் அட்டையில் ஓவியமாக வந்த மொடல். இரண்டாம் உலகப் போரில் அதே வோக்குக்காகப் போர்முனைக்குப் போனவர். நாசி முகாம்களில் அவர் எடுத்த பிணக்குவியல் படங்களை, இதை நம்புங்கள் என்ற தலைப்போடு அமெரிக்க வோக் 1945 ஜூன் இதழில் போட்டது. உடுப்பு விளம்பரங்களோடு சேர்ந்த ஒரு பெண்கள் இதழில் அதைப் போட எவ்வளவு துணிவு வேண்டும்! அந்தப் படங்களில் அலங்காரம் ஒன்றும் இல்லை. பார்க்கிறவள் திரும்பிப் போக முடியாதபடி நேருக்கு நேர் எடுத்திருக்கிறார். வோக்கின் முழு வரலாற்றிலும் நான் மிக மதிக்கும் பக்கங்கள் அவை.

2022இல் உக்ரைன் ஜனாதிபதியின் மனைவி ஒலேனா செலென்ஸ்காவை ஆனி லீபொவிட்ஸ் எடுத்தது இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அட்டைப் படம் எனக்குப் பிடிக்கும். படிக்கட்டில் இருந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்திருக்கிறார். வெளிர்நிறச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, முகத்தில் நித்திரையில்லாத களைப்பு. பெண் அப்படி இருக்கலாமா என்று கேட்டவர்களுக்கு, உக்ரைன் பெண்கள் அதே மாதிரி இருந்து படம் எடுத்துப் போட்டுப் பதில் சொன்னார்கள். உடுப்பெல்லாம் உக்ரைன் வடிவமைப்பாளர்களுடையது, பெயர்களும் குறிப்பில் இருக்கின்றன. போர் நடக்கும்போது ஃபேஷன் இதழ் எதற்கு என்று கேட்டவர்களோடு நான் உடன்படமாட்டேன். பங்கருக்குள் ஓடிய காலத்திலும் இங்கே கலியாணம் நடந்தது, கூறைக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுத்தோம். உள்ளே இருக்கும் படம் ஒன்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை: ஹொஸ்டொமெலில் சிதைந்து கிடக்கும் பெரிய அன்டோனோவ் விமானத்துக்கு முன்னால் நீளக் கோட்டோடு அவர், பக்கத்தில் பெண் சிப்பாய்கள். அட்டையில் போர் அவர் முகத்தில் இருந்தது. இங்கே போர் அவருக்குப் பின்னால் அலங்காரமாக வைக்கப்பட்டிருக்கிறது. இடிபாட்டுக்கு முன்னால் அழகாக நிற்கும் படங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இவ்வளவு சொன்னதால் வோக்கை வாங்காதீர்கள் என்று அர்த்தமில்லை. 2020 ஜூலை பிரித்தானிய வோக்கைத் தேடிப் பாருங்கள். கொரோனா நேரம், மூன்று அட்டைகள்: ரயில் ஓட்டும் நார்கிஸ் ஹோர்ஸ்போர்ட், மருத்துவிச்சி ரேச்சல் மில்லர், சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்யும் அனிசா ஓமார். மூவரும் தங்கள் வேலைச் சீருடையில், தங்கள் பெயரோடு. ஜேமி ஹாக்ஸ்வேர்த் இயற்கை வெளிச்சத்தில் எடுத்தார். சீருடை தைப்பவளாகச் சொல்கிறேன், சீருடையை இவ்வளவு மரியாதையாக யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. அதே வருடம் நவம்பரில் இந்திய வோக்கும் கேரள சுகாதார அமைச்சர் சைலஜா டீச்சரை அட்டையில் போட்டது. 2008இல் இருந்து அவர்கள் நகர்ந்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 2023 ஏப்ரல் பிலிப்பைன்ஸ் வோக். அட்டையில் அப்போ வாங்-ஒட், வயது 106. கலிங்கா மலைநாட்டில் முள்ளாலும் மூங்கில் தடியாலும் கரியைத் தட்டிப் பச்சை குத்தும் பெண், அந்த வேலையைத் தன் வழிப் பேத்திகளுக்குப் பழக்கிக் கொடுத்தவர். ஆர்ட்டு நெபோமுசெனோ எடுத்த படம். சுருக்கத்தை மறைக்கவில்லை, தோலில் இருக்கும் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றும் தெளிவு. வெளியில் இருந்து கொண்டுவந்த பை, குடை எதையும் அவர் கையில் திணிக்கவில்லை. அவரே செய்கிற கலை அவர் உடம்பிலேயே இருக்கிறது, பெயரும் கூடவே இருக்கிறது. இந்திய வோக் படக்கதையில் வந்த அந்தப் பெயரில்லாத அம்மாவையும் இப்படி எடுத்திருக்கலாம்.

காஞ்சிபுரம் சாறி உடுத்த நடிகை அட்டையில் வரும்போது, வடிவமைப்பாளர், நகைக்கடை, முடி அலங்காரம் செய்தவர், நகம் பூசியவர் வரை குறிப்பில் வருகிறது. தறியில் இருந்து நெய்தவரின் பெயரும், பிளவுஸ் தைத்தவரின் பெயரும் எப்போதாவது வந்தால் எனக்கு அறியத் தாருங்கள். அந்த இதழை மச்சாளுக்குச் சொல்லி முழு விலை கொடுத்து எடுப்பேன்.