திருகோணமலையில் வீணை, வயலின் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களின் கவனத்திற்கு

திருகோணமலை நகரில் வீணை, வயலின், தம்புரா எல்லாம் திருத்தித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வீடு வீடாக வேலை எடுத்து வருகிறார். அவர்மீது நான் கொடுத்த முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் கையில் போன வாத்தியம் எந்தக் கதியில் திரும்பி வந்தது என்பதை, உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை வாத்தியம் வைத்திருக்கும் எல்லா வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடுத்தது என் தாயாரின் வீணை. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் கப்பல் ஓடிய காலத்தில், 1972இல், அம்மப்பா தஞ்சாவூர் போய் வாங்கி வந்தது. ஒட்டு வீணை: உருண்டையான குடம், நீண்ட கழுத்தாகிய தண்டி, நுனியிலுள்ள யாளிமுகம் மூன்றையும் பலாமரத்தில் தனித்தனியே கடைந்து பொருத்தியிருந்தார்கள். குடமும் தண்டியும் சேரும் இடத்தைச் சுற்றி மான்கொம்புப் பட்டை. தண்டியின் மேல், தந்தியை அழுத்தி வாசிக்கும் இடங்களில், 24 வெண்கல மெட்டுகள். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தபோது அம்மா துணிமணியை விட்டுவிட்டு இதைப் பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். அண்மையில் குடத்தின் மூட்டு சற்று விட்டுக்கொடுத்தது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகும் பழசாகி, மேல்ஸ்தாயியில் சில மெட்டுகள் சுருதி விலகின. இரண்டுமே வீணைக்கு வழமையாக வரும் பழுதுகள்தான். மெழுகைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து, மெட்டுகளைச் சுருதிக்குப் பதித்து மேளம் கட்டித்தான் ஆக வேண்டும்.

வந்து பார்த்தவர் நன்றாகப் பேசினார். "ரீச்சர், நான் தஞ்சாவூர்ப் பட்டறையில் நின்று தொழில் பழகியவன். பயப்படாமல் தாருங்கள்" என்றார். கூலி 48,000 ரூபா, அதில் 20,000 முற்பணம். மூட்டைத் திறந்து வச்சிரப் பசையால் ஒட்டுவது, பழைய மெட்டுகளையே வைத்து மேளம் கட்டுவது என்று பேசி, அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். இன்று என் முறைப்பாட்டுக்கு உயிர் கொடுப்பது அந்தத் தாள்தான்.

சொன்ன தவணை போய், அடுத்த தவணையும் போயிற்று. மரம் காய்கிறது என்பார். மெழுகு கொழும்பிலிருந்து வர வேண்டும் என்பார். ஒருவழியாக ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது வீணை கண்ணைப் பறித்தது. ஐம்பது ஆண்டில் பலாமரம் ஏறிப் பழுத்த அந்தக் கருந்தேன் நிறம் எங்கும் இல்லை. குடம் முதல் யாளிமுகம் வரை ஒரே சிவப்பு, அதன்மேல் தடித்த வானிஷ். "புது வீணையாக்கித் தந்திருக்கிறேன் ரீச்சர்" என்று சொல்லி, அம்மாவிடம் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது கச்சான் காற்று வீசும் காலம். மறுநாள் மதியம் முதல் தந்தியான சாரணியில் காந்தார சுரத்தை அழுத்தினேன். மெட்டு என் விரலோடு சேர்ந்து சாய்ந்தது. பக்கத்து மெட்டைத் தொட்டேன், அதுவும் அசைந்தது. மெழுகுச் சட்டத்தை நகத்தால் கீறிப் பார்த்தால், மேலே மட்டும் கறுப்பு. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. முகர்ந்தால் மெழுகுதிரி வாசனை. கடையில் விற்கும் மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, மேலே கரி பூசியிருக்கிறார்.

வீணையின் மெட்டுகள் நிற்பது அந்த மெழுகில்தான் என்பதை வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆணியும் இல்லை, பள்ளமும் இல்லை. தண்டியின் இரு கரையிலும் ஓடும் மெழுகுச் சட்டத்தின் மேல் ஒவ்வொரு மெட்டையும் காதால் சுருதி பார்த்துப் பார்த்து, மயிரிழை தள்ளிப் பதிக்க வேண்டும். தேன்மெழுகோடு குங்கிலியப் பிசினும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சினால்தான் அது இறுகும். தேன்மெழுகு உருகவே 62 பாகைக்கு மேல் சூடு வேண்டும்; குங்கிலியம் அதற்கு இன்னும் உறுதி கொடுக்கும். மலிவான மெழுகுதிரிக்கு அந்தத் திடம் கிடையாது. எங்கள் ஊரில் பகல் வெப்பம் 35 பாகையை எட்டும் நாளில் சுரத்தை அசைக்கும் ஒரு கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும் இழுப்பைக்கூட அது தாங்காது. தொழில் பழகிய எவருக்கும் இது தெரியாமல் இருக்காது.

சாய்ந்த மெட்டைக் கையில் எடுத்தபோதுதான் அடுத்த களவு தெரிந்தது. அது எங்கள் மெட்டே இல்லை. பழைய வெண்கல மெட்டில் தந்தி ஓடி ஓடி விழுந்த தடம் இருக்கும்; மேசையில் தட்டினால் மணி போல ஒலிக்கும். இது மெல்லிய பித்தளை. தட்டினால் சத்தமே எழவில்லை. உருக்குத் தந்திக்கு முன் இப்படிப்பட்ட பித்தளை வெகுகாலம் நிற்காது. தொலைபேசியில் கேட்டேன். "பழையது தேய்ந்துவிட்டது ரீச்சர், எறிந்துவிட்டேன்" என்றார். வெண்கலத்தை இந்த ஊரில் யாரும் எறிவதில்லை. விற்றிருக்கிறார் என்பதே என் எண்ணம்.

மூட்டில் செய்தது இவை எல்லாவற்றிலும் கொடுமை. வச்சிரம் விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சுவது. ஈரமும் சூடும் காட்டினால் இளகும். ஒருநாள் மறுபடி திறக்க வேண்டி வந்தால் மரத்துக்குச் சேதம் இல்லாமல் திறக்கலாம். அதனால்தான் வயலின் செய்கிறவர்களும் நூற்றாண்டுகளாக அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் மூட்டைத் திறக்கவே இல்லை. இடைவெளியில், இரண்டு குழாய்களில் வருவதைக் கலந்து பூசும் எப்பொக்சிப் பசையைப் பிதுக்கி, மரத்தூளால் அடைத்து, மேலே வானிஷ் அடித்துவிட்டார். அந்தப் பசை இறுகினால் கல். இனித் திறக்கப்போனால் பலாமரம்தான் பிளக்கும். மான்கொம்புப் பட்டை இருந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் தகட்டையும் தட்டையாக அராவிவிட்டார். அந்தத் தகட்டின் மெல்லிய வளைவில்தான் வீணையின் நாதமே இருக்கிறது. இப்போது தந்தியைத் தொட்டாலே இரைகிறது.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, மெழுகையும் மெட்டையும் மாற்றித் தரலாம், குதிரைக்கும் வேறு தகடு போடலாம். இந்த மூட்டில் நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

எங்கள் வீட்டோடு இது முடியவில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் வயலினும் அதே கைக்குப் போய் வந்தது. வயலினுக்குள்ளே மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, குதிரையின் ஒரு காலுக்குப் பின்னால், ஒரு சிறு மரக்குச்சி பசையே இல்லாமல் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். குதிரையில் இறங்கும் தந்திகளின் பாரத்தை அது தாங்கும். ஒலியைப் பின்பலகைக்கு எடுத்துப் போவதும் அதுதான். அது விழுந்திருந்ததால்தான் திருத்தவே கொடுத்தார்கள். இவர் அதை வெளியே எடுத்துவிட்டு, தந்தியை முழு இறுக்கத்தில் கட்டி அனுப்பியிருக்கிறார். சங்கீத சபைப் பரீட்சைக்குச் சில கிழமைகள் இருக்கும்போது மேற்பலகை உள்வாங்கி வெடித்தது. அந்தப் பிள்ளை இரவல் வயலினில் பரீட்சை எழுதினாள். உங்கள் வயலினுக்குள் அந்தக் குச்சி விழுந்து உருளும் சத்தம் கேட்டால், வேறெதையும் பார்க்காமல் முதலில் தந்திகளைத் தளர்த்திவிடுங்கள்.

யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், எந்தப் பசை, எந்த மெழுகு என்று நேருக்கு நேர் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ந்து அரை மணி நேரம் பேசுவார். கேள்வியை விட்டுவிட்டு பொலிஷைப் பற்றியே பேசுகிறவரிடம் கொடுக்காதீர்கள். பழைய வாத்தியத்துக்கு நிறம் மாற்றத் தேவையே இல்லை. கேட்காமல் அடித்துத் தரும் வானிஷ் எதையோ மறைக்கிறது. கொடுக்கும் முன் மெட்டு, தந்தியை முறுக்கும் பிரடை, குதிரை, மூட்டு எல்லாவற்றையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். கழற்றும் பழைய பாகம் துரும்பானாலும் திரும்பத் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததும் ஒரு மதிய வெயிலாவது கடந்து, வாசித்துப் பார்த்த பிறகே மீதிப் பணம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பேசாமல் இருக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமன்றிச் சேவைக்கும் பொருந்தும். முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். காலம் கடந்தால் கதவு அடைபடும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். நான் கையெழுத்துத் தாளையும் பழைய படங்களையும் ஒரு துண்டு மெழுகுதிரி மெழுகையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். வயலின் பிள்ளையின் தந்தையும் கொடுத்திருக்கிறார். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் இது தனிப்பட்ட தகராறு என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் வெண்கல மெட்டுகள் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் அம்மப்பா உளியால் 'க' என்ற எழுத்தைப் பொறித்திருந்தார். பழைய இரும்புக் கடையிலோ வேறொரு வீணையிலோ அந்த எழுத்தைக் கண்டால், தயவுசெய்து எனக்குத் தகவல் தாருங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.