22சி3 பிடி-எல்1 பரிசோதனை: சாயம் பிசகுவதில்லை, எண்ணிக்கைதான் பிசகுகிறது

கட்டிக்குள் நுழையும் டி செல்களின் (நோய் எதிர்ப்புச் செல்கள்) மேல் பிடி-1 என்ற புரதம் இருக்கிறது. புற்றுச் செல் தன் சவ்வில் உள்ள பிடி-எல்1-ஆல் அதைப் பற்றிக்கொண்டால், டி செல்லின் தாக்குதல் ஓய்ந்துவிடும். 22சி3 என்ற ஆன்டிபாடி குளோனைக் கொண்டு, அந்தப் பிடி-எல்1-ஐத் திசு ஸ்லைடில் பழுப்பு நிறத்தில் காட்டுவதுதான் இந்த கிட். நுரையீரல் புற்றில், டி செல்லை இந்தப் பிடியிலிருந்து விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க, 2015-இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்கு அமைப்பான எஃப்டிஏ இதை அனுமதித்தது.

சாயம் ஏறுவதில் குறை சொல்ல அதிகம் இல்லை. சாயம் சரியாக ஏறியதா என்று பார்க்கும் கன்ட்ரோல் திசுவாக டான்சில் உதவும். அதன் கிரிப்ட் எபிதீலியம் (குழிகளை மூடியுள்ள செல் படலம்) சாயத்தை அழுத்தமாகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ரன் செல்லாது. திசு 10% ஃபார்மலினில் 12 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். 3 மணி நேரத்தோடு எடுத்தால் முடிவு சீராக வராது. வெட்டி வெகுநாள் கிடந்த ஸ்லைடில் ஆன்டிஜென் (இங்கே பிடி-எல்1) மங்கி, இருப்பதே இல்லாததுபோலத் தெரியும்.

உண்மையான தலைவலி மைக்ராஸ்கோப்பில் தொடங்குகிறது. குறைந்தது 100 உயிருள்ள புற்றுச் செல்கள் வேண்டும். சவ்வில் பாதி பிடித்தாலும், மங்கலாகப் பிடித்தாலும் கணக்கு உண்டு. செல்லின் உள்ளே, சைட்டோபிளாசத்தில் மட்டும் பிடித்தால் இல்லை. நுரையீரல் காற்றறைகளில் உள்ள மேக்ரோபேஜ்களும் (கழிவை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) நன்றாகவே சாயம் பிடிக்கும், அவற்றைச் சேர்க்கவே கூடாது. 120 புற்றுச் செல்களில் 48 பிடித்திருந்தால் டிபிஎஸ், அதாவது சாயம் பிடித்த புற்றுச் செல்களின் சதவீதம், 40%. பக்கத்தில் சாயம் பிடித்த 30 மேக்ரோபேஜ்களையும் புற்றுச் செல் என்று எண்ணிவிட்டால், 150-க்கு 78, அதாவது 52%. 50% என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. கீமோ இல்லாமல் மருந்தைத் தனியாகக் கொடுக்கும் முடிவு வரை இது போகும். ஆகவே செல் வடிவைக் காட்டும் வழக்கமான ஹெச்-அண்ட்-ஈ ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும், சந்தேகம் வந்தால் மேக்ரோபேஜ்களை அடையாளம் காட்டும் சிடி68 சாயம் போட்டுப் பார்ப்பதும் கட்டாயம்.

பெரிய குறை இன்னொன்று. புற்றுச் செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்கள் கட்டிக்குள் வந்திருக்கின்றனவா, சுற்றியுள்ள ஸ்ட்ரோமாவிலேயே (இணைப்புத் திசு) நின்றுவிட்டனவா என்று இது சொல்லாது. டிபிஎஸ் 80% வந்தும் மருந்து பலிக்காமல் போக இதுவும் ஒரு காரணம். இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுக்களில் மாற்றம் உள்ள கட்டிகளில் எண் உயர்ந்தாலும் பலன் பொதுவாகக் குறைவுதான். அந்த ரிப்போர்ட்டுகள் வருமுன் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பிடி-எல்1-ஐக் காட்டும் வேறு ஆன்டிபாடிகளான 28-8, எஸ்பி263 குளோன்கள் இதற்கு நெருக்கமாகவே வரும். எஸ்பி142 புற்றுச் செல்களில் குறைவாகப் பிடிக்கும், நோய் எதிர்ப்புச் செல்களையும் தனியாகக் கணக்கிடும். அதன் சதவீதத்தை இதோடு ஒப்பிட முடியாது. குளோன் பெயரும் டிபிஎஸ் எண்ணும் இல்லாமல் வெறும் ‘பாசிட்டிவ்’ என்று வரும் ரிப்போர்ட்டை லேபுக்கே திருப்பி அனுப்புங்கள்.