கமாண்டோ (1985): நசுங்கியும் நசுங்காத மஞ்சள் போர்ஷே

பெரிய மரத்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டிலிருந்து நடந்து வருகிறார் அர்னால்டு. கேமரா முகத்துக்கு அவசரப்படுவதில்லை. முதலில் பூட்ஸ், பிறகு புடைத்த கை, அதில் தொங்கும் மரம் அறுக்கிற மிஷின். முகம் வருவதற்குள் ஆள் யாரென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஹீரோ அறிமுகம் என்றால் இதுதான்.

மார்க் எல். லெஸ்டர் இயக்கிய படம். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி மேட்ரிக்ஸின் (அர்னால்டு) மகளைக் கடத்திவிடுகிறார்கள். வால் வெர்டே என்கிற கற்பனை நாட்டின் அதிபரைக் கொன்றால்தான் பிள்ளை கிடைப்பாள் என்று சொல்லி விமானத்தில் ஏற்றுகிறார்கள். காவலுக்கு வந்தவனின் கழுத்தை முறித்து, தூங்குவதுபோல் போர்வை போர்த்திவிட்டு, விமானம் மேலெழும்பும்போதே சக்கரத்தில் தொங்கிச் சதுப்பில் குதிக்கிறார் மேட்ரிக்ஸ். விமானம் போய்ச்சேர 11 மணி நேரம். வாட்ச்சில் கெடுவை வைத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறார்.

எனக்கு இந்தக் கெடுதான் உயிர். ஒருவனிடம் கிடைக்கும் சாவி ஒரு மோட்டல் அறைக்குக் கொண்டுபோகிறது. அங்கே விமான எரிபொருள் வாங்கிய ரசீது, அதிலிருந்து ஒரு கிடங்கு. மொத்தமே 90 நிமிடம்தான். இன்று இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் படங்களில் பாதிக்கு இந்த ஒழுங்கு கிடையாது.

நான் டிங்கர் பட்டறை வைத்திருப்பவன். அதனால் அந்த மஞ்சள் போர்ஷே காரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. துரத்தலில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, இடப்பக்கம் மொத்தமும் நசுங்கிப்போகும். கடத்தல் கும்பலில் ஒருவனான சல்லியை ஒரு கையால் பாறை விளிம்பில் தொங்கவிட்டு, விசாரணை முடிந்ததும் கையை விட்டுவிட்டு வந்து, மேட்ரிக்ஸ் அந்த வண்டியை நிமிர்த்தித் தள்ளுவார். ஓட்டிக்கொண்டு போகும்போது இடப்பக்கத்தில் ஒரு ஒடுக்கு இருக்காது. பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்க எங்களுக்கு எத்தனை நாள் ஆகும்! ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பட்டறைப் பையன்களோடு சேர்ந்து கைதட்டுவேன். பிள்ளையைத் தேடிப் போகிற அப்பனின் வண்டி அப்படித்தான் இருக்க வேண்டும்.

மேட்ரிக்ஸுக்குத் துணையாக ஓடும் சிண்டியாக வரும் ரே டான் சாங்குக்குத் தனிப் பாராட்டு. ராக்கெட் லாஞ்சரைத் திருப்பிப் பிடித்து முதல் குண்டைப் பின்னால் விடுவார், அடுத்ததைச் சரியாகப் போலீஸ் வண்டி மேலேயே போடுவார். பயந்துகொண்டே துணிகிற அந்தப் பெண் இல்லாவிட்டால் படம் வெறும் தசைக் கண்காட்சி ஆகியிருக்கும். வில்லன் பென்னட்டாக ஆஸ்திரேலிய நடிகர் வெர்னன் வெல்ஸ். மேட்ரிக்ஸ் மேல் அவனுக்கு இருக்கும் வெறி கண்ணிலேயே கொதிக்கும். ஜேம்ஸ் ஹார்னரின் இசையில் கரீபியன் ஸ்டீல் டிரம் சத்தமும் சாக்ஸபோனும் மாறி மாறி வரும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் வீண்.

குறை ஒன்று உண்டு. கடைசித் தாக்குதலில் கட்டடங்கள் வெடிக்கும்போது நிற்பவை பொம்மைகள் என்று பளிச்சென்று தெரிகிறது. ஆனால் நிஜமாக வெடிக்கவைத்த கட்டடம், நிஜமான நெருப்பு. கம்ப்யூட்டரில் வரைந்த தீயைவிட எனக்கு இதுவே மேல்.

சின்னப் பிள்ளைகளோடு உட்காராதீர்கள். தோட்டக் கொட்டகைச் சண்டையில் ரம்பத் தட்டுகள் பறக்கும், ஒருவனுக்குக் கை போகும். பத்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகள் என்றால் தாராளமாகக் கூட்டி உட்காரவைக்கலாம்.