சல்கட்டா ஆமைக்குஞ்சு விற்றவரைப் பற்றி, குஞ்சு வளர்ந்த பிறகு ஒரு விமர்சனம்

ஆமை விற்பவர்களைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை குஞ்சு வீட்டுக்கு வந்த வாரத்திலேயே எழுதப்படுகின்றன. சுறுசுறுப்பாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, பேக்கிங் அருமை, ஐந்து நட்சத்திரம். ஐம்பது வருடத்துக்கும் மேல் வாழக்கூடிய ஒரு பிராணியை நல்லவரிடம் வாங்கினோமா இல்லையா என்பது அந்த வாரத்தில் தெரியாது. அதனால் நான் காத்திருந்து எழுதுகிறேன். எங்கள் ஆமைக்குப் பாறை என்று பெயர். வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது. இப்போது ஓட்டின் நீளம் 40 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, குனிந்து தூக்கும்போது இடுப்பைக் கவனித்துக்கொள்ள வேண்டிய எடை. இன்னும் வளரும். சல்கட்டா ஆண்கள் சாதாரணமாகவே 40, 50 கிலோவைத் தொடுகின்றன, சில 100 கிலோ வரை போகின்றன. கலாபகஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகின் மூன்றாவது பெரிய நில ஆமை இதுதான்.

விற்றவர் கடைக்காரர் அல்ல. தன் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து, அங்கேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் தனிமனிதர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வளர்ந்த ஆமைகளைத் தூக்கிக்கொண்டு போகும் திருடர்கள் உண்டு என்பதால் அந்தக் கவலை நியாயமானதுதான்.

போன் செய்து விலையைக் கேட்டேன். சொல்லவில்லை, பதிலுக்குக் கேள்விகள் வந்தன. "இடம் சொந்தமா, வாடகையா?" "குளிர் காலத்துல ராத்திரி எவ்வளவு இறங்கும்?" "ஊர்வனவற்றைப் பாக்கத் தெரிஞ்ச டாக்டர் பக்கத்துல இருக்காரா?" கடைசியாக, "உங்களுக்கு அப்புறம் இதை யார் பாத்துப்பாங்க?" இந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் பதில் சொல்ல முடிந்தது. என் தங்கை மகள் பொறுப்பேற்கிறேன் என்றாள். அவளையும் அழைத்து வரச் சொன்னார்.

குஞ்சைக் காட்டுவதற்கு முன் தாயையும் தகப்பனையும் காட்டினார். ஆமை வாங்க நினைக்கும் யாரும் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள். குஞ்சை மட்டும் பார்ப்பவர் தான் எதை வாங்குகிறார் என்பதையே பார்க்கவில்லை. அந்த ஆண் ஆமை வேலிக் கதவை நெஞ்சால் தள்ளிக்கொண்டு நின்றது, கதவின் கீல் வளைந்திருந்தது. வேலியின் கீழ்ப்பகுதி முழுக்க மரப்பலகை. அந்தப் பக்கம் தெரிந்தால் ஆமை தள்ளிக்கொண்டே இருக்கும், தெரியாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றார். பலகை மண்ணுக்குள்ளும் இறங்கியிருந்தது. சல்கட்டா, சகாராவின் தெற்கு ஓரத்தில் வறண்ட புல்வெளியில் வாழும் இனம், வெயிலுக்கும் வறட்சிக்கும் பயந்து வளை தோண்டிக்கொள்ளும். அந்த வளைகள் பல மீட்டர் நீளம் போகும். தோட்டச் சுவரின் அஸ்திவாரத்துக்கு அடியில் ஒன்று தோண்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தூங்கிக் கழிக்கும் இனமும் இல்லை. அதனால் ராத்திரிக்குச் சூடேற்றிய கொட்டகை வேண்டும், மின்சாரச் செலவு ஒவ்வொரு வருடமும் வரும்.

இனி குஞ்சின் தரம். இதில் அவருக்கு முழு மதிப்பெண். பாறையின் ஓடு இன்றைக்கும் வழவழவென்று இருக்கிறது. வளர்ப்பு சல்கட்டாக்கள் பலவற்றின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்புபோல மேடு தட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பிரமிடிங் என்பார்கள். புரதம் அதிகமானதால்தான் அப்படி ஆகிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சல்கட்டா குஞ்சுகளையே வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஓடு மேடு தட்டுவதற்கு முக்கியக் காரணம் காற்றின் வறட்சி என்றும், புரதத்தின் பங்கு சிறியதே என்றும் தெரிந்தது. பாலைவன ஓரத்து ஆமைக்கு ஈரமா என்று தோன்றும். குஞ்சுகள் அங்கே மண்ணுக்கடியில், ஈரம் தங்கும் இடத்தில்தான் பதுங்குகின்றன. இவர் குஞ்சுகளை மூடிய, ஈரமான பெட்டியில் வளர்க்கிறார், தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்கிறார். முட்டையிலிருந்து வந்தவுடன் விற்பதில்லை. சில மாதம் தன்னிடமே வைத்து, எடை சீராக ஏறுகிறதா என்று எழுதி வைத்து, அந்தத் தாளையும் நம்மிடம் கொடுக்கிறார். முதல் மாதங்களில் நீர் வற்றிப்போன குஞ்சு, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பின்னால் தேறாமல் போகலாம். அந்தச் சேதத்தை வாங்குபவர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எடைத்தாள் கொடுக்காதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

பெண் குஞ்சு இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். சல்கட்டா உட்படப் பெரும்பாலான ஆமைகளில் முட்டை இருக்கும் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண். "சூடாத்தான் வெச்சேன், வாய்ப்பு அதிகம், உறுதி தர மாட்டேன்" என்றார். ஓடு 30 சென்டிமீட்டரைக் கடக்கும் வரை வெளியிலிருந்து சரியாகச் சொல்ல முடியாது. பாறை ஆண் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு வருத்தமில்லை, அவர் பொய் சொல்லவில்லை. குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு "இது பெண்தான்" என்று அடித்துச் சொல்லும் விற்பனையாளர்களிடம் கவனமாக இருங்கள்.

துணைக்கு இன்னொன்றும் கேட்டேன், மறுத்துவிட்டார். ஆமைக்குத் தனிமை ஒரு குறையில்லை. இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றொன்றை மிரட்டும், இலையை மறிக்கும், பலவீனமானது வளராமல் நிற்கும். இரண்டும் ஆணாகிவிட்டால் மோதிக் கவிழ்த்துவிடும், கவிழ்ந்த ஆமை வெயிலில் கிடந்தால் செத்துப்போகும். இரட்டிப்பு வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளர் அபூர்வம்.

ஆனால் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது முட்டை விஷயத்தில்தான். ஒரு பெண் சல்கட்டா ஒரு தடவைக்கு 15 முதல் 30 முட்டை இடும், ஒரே வருடத்தில் பல தடவை இடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தோட்டத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் இத்தனை ராட்சதர்கள் வெளியே போனால் அவற்றுக்கு இடம் எங்கே? இவர் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு வேண்டிய அளவு முட்டைகளை மட்டும் இன்குபேட்டரில் வைக்கிறார். மீதியை இட்ட அன்றே எடுத்து உறைய வைத்துவிடுகிறார், கரு வளரத் தொடங்குவதற்கு முன்பே. இதைக் கேட்டதும் என்னுடன் வந்தவர்களில் ஒருவருக்கு மனசு சங்கடப்பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொரித்துவிட்டு, இடமில்லாத வீடுகளுக்கு விற்று, அங்கே அவை மூலையில் கட்டிப்போடப்படுவதைவிட, அல்லது தெருவில் விடப்படுவதைவிட இது எவ்வளவோ மேல். பெரிய ஆமை விற்பவரிடம் "இந்த வருஷம் எத்தனை முட்டையைப் பொரிக்காமல் விட்டீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே புரியாதவரிடமிருந்து கிளம்பிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. குஞ்சோடு அவர் விற்கும் "தொடக்கத் தொகுப்பு" வீண் செலவு. அதிலுள்ள கண்ணாடித் தொட்டி சீக்கிரமே சிறிதாகிவிடும். விளக்கு, சுருள் வடிவச் சிறிய யுவிபி பல்பு (வெயிலில் இருப்பது போன்ற புற ஊதாக் கதிரைத் தருவது), வெளிச்சம் மிகச் சிறிய வட்டத்தில்தான் விழுகிறது. நீளமான குழல் விளக்கு வாங்கி மாட்டினேன். ஆமைக்குச் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர யுவிபி கட்டாயம், இல்லாவிட்டால் எலும்பும் ஓடும் மெத்தென்று ஆகிவிடும். விளக்கு பார்வைக்குப் பளிச்சென்று எரிந்தாலும் அதன் யுவிபி காலப்போக்கில் குறைந்துவிடும், உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அவர் கொடுத்த கையேட்டில் இது ஒரு வரிகூட இல்லை. உணவுப் பகுதி நன்றாக இருக்கிறது. பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும்தான் பெரும்பகுதி, கொஞ்சம் களைச்செடி, பழம் வேண்டாம். தொட்ட பிறகு கை கழுவுங்கள் என்று, ஆமையிடமிருந்து நமக்குத் தொற்றக்கூடிய சால்மோனெல்லா கிருமி பற்றியும் எழுதியிருக்கிறார்.

"அழியும் இனத்தைக் காப்பாற்றுகிறோம்" என்று அவருடைய விளம்பரத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை அவர் எடுத்துவிட வேண்டும். சல்கட்டா காட்டில் அழிந்துவருவது உண்மை. காட்டில் பிடித்த ஆமைகளை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய 2000-ஆம் ஆண்டு முதல் சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின்படி ஒதுக்கீடு பூஜ்யம். அதனால் வீட்டில் பொரித்த குஞ்சை வாங்குவதுதான் சரி, பொரித்த இடத்தைக் காட்டும் ஆவணமும் உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் அனுமதியும் கையில் வேண்டும். ஆனால் எந்த வம்சத்தைச் சேர்ந்தது என்றே தெரியாத தோட்டத்து ஆமை எதுவும் திரும்ப ஆப்பிரிக்காவுக்குப் போகப் போவதில்லை. நாம் வளர்ப்பது நம் ஆசைக்காக. அதைச் சொல்லிவிட்டே வளர்க்கலாம்.

இவரிடம் போகலாமா? இடம், கொட்டகை, மருத்துவர், அடுத்த தலைமுறையில் ஒரு ஆள், இவை நான்கும் தயாராக இருந்தால் முதலில் மீட்பு மையங்களைக் கேளுங்கள். சமாளிக்க முடியாமல் விடப்பட்ட வளர்ந்த சல்கட்டாக்கள் அங்கே இருக்கும். ஆணா பெண்ணா, எவ்வளவு பெரிசு, என்ன குணம் என்பதெல்லாம் தெரிந்தே எடுத்து வரலாம். ஓடு கோணலாக இருந்தாலும் பெரும்பாலானவை பல வருடம் நன்றாக வாழ்கின்றன. அங்கே ஒத்துவரவில்லை, குஞ்சிலிருந்துதான் வளர்க்க வேண்டும் என்றால் இவரிடம் போங்கள், தொகுப்பைத் தவிர்த்துவிட்டு. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.

குறைந்த ஒரு நட்சத்திரம் கையேட்டுக்கும், திருப்பி எடுத்துக்கொள்ளும் வாக்குறுதி வெறும் வாய்வார்த்தையாக இருப்பதற்கும். எத்தனை வருடம் கழித்துக் கொண்டுவந்தாலும் ஆமையை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். பக்கத்துக் கொட்டகையில் அப்படித் திரும்பி வந்த மூன்று பெரிய ஆமைகளைக் கண்ணால் பார்த்தேன், அதனால் நம்புகிறேன். ஆனாலும் அது ரசீதிலேயே அச்சாகியிருக்க வேண்டும். கேட்டால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார், மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.