இடது கையில் மவுஸ்: பட்டனை மாற்றலாமா, வேண்டாமா?

வலது மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்க மவுஸை இடப்பக்கம் கொண்டுபோனதும் வரும் முதல் கேள்வி, இடது, வலது பட்டன்களின் வேலையை ஒன்றுக்கொன்று மாற்றுவதா, அப்படியே விடுவதா என்பதுதான்.

மாற்றாமல் விட்டால், இடது பட்டன் மேல் நடுவிரல் உட்காரும். சாதா க்ளிக் எல்லாம் அதன் தலையில். ஃபைலை இழுக்கும்போது விரல் தளர்ந்து வேறு ஃபோல்டரில் விழுவது தொடக்கத்தில் சகஜம். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் உட்காரலாம். காலையில் வலது, மாலையில் இடது என்று கை மாற்றுபவருக்கு இதுவே தோது.

மாற்றினால் ஆள்காட்டி விரலே க்ளிக் செய்யும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று போய் ‘பிரைமரி மவுஸ் பட்டன்’ என்பதில் ரைட் கொடுங்கள். லேப்டாப்பில் டச்பேட் பட்டன்களும் சேர்ந்தே மாறும். பொதுக் கம்ப்யூட்டர் என்றால் அடுத்து வருபவர் மவுஸ் கெட்டுவிட்டது என்பார். ஒருவர் மட்டுமே புழங்கும் மெஷினில், நிரந்தரமாக இடது கைதான் என்றால் மாற்றுவதே மேல்.

இடது கைக்கென்றே வரும் மவுஸை உடனே வாங்க வேண்டாம். லாஜிடெக் பி100 போல இருபுறமும் ஒரே வடிவம் என்றால் அதுவே போதும். எம்எக்ஸ் மாஸ்டர் வலது கைக்கு மட்டுமே. செங்குத்துப் பிடி வேண்டுமானால் அதே கம்பெனியின் ‘லிஃப்ட்’ மவுஸில் இடது கை மாடல் இருக்கிறது.

எந்த வழியானாலும் உண்மையான இடைஞ்சல் ஷார்ட்கட்டில்தான். கன்ட்ரோல்+சி அடிக்க இடது கை மவுஸை விட்டு எழ வேண்டும். மாற்று உண்டு: வலது கன்ட்ரோல்+இன்சர்ட் காப்பி, வலது ஷிஃப்ட்+இன்சர்ட் பேஸ்ட். டெக்ஸ்டில் ஷிஃப்ட்+டெலீட் கட் செய்யும்; ஃபைல்களின் மேல் அதே அடி விழுந்தால் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் நிரந்தரமாக அழியும், ஜாக்கிரதை. கணக்கு எழுதுபவர்களுக்கோ கொண்டாட்டம்: வலது கை நம்பர் பேடை விட்டு நகரவே வேண்டாம்.

பாயின்டர் வேகம் வழக்கமாக 10-ல் இருக்கும். 6, 7-க்கு இறக்கி, ‘என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷன்’ டிக்கையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கை வேகத்துக்கேற்ப கர்சர் தாவும். பழகாத கைக்குத் தூரம் பிடிபடாது. சின்ன க்ளோஸ் பட்டனில் தவறாமல் நிற்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக ஏற்றலாம்.