எட்டு அமர்வு வகுப்பா, தொடரும் குழுவா?

அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாமி என்னும் அமைப்பு, மனநலப் பாதிப்பிலிருந்து மீண்டு வருவோருக்காக 'பியர் டு பியர்' வகுப்பையும் 'கனெக்‌ஷன்' ஆதரவுக் குழுவையும் நடத்துகிறது. இரண்டையும் நடத்துவோர் அப்பாதிப்பைத் தாமே அனுபவித்து, பயிற்சியும் பெற்றவர்கள் என்பதால், எதில் சேர்வது என்ற குழப்பம் பலருக்கு எழுகிறது.

செலவு: இரண்டும் இலவசம்.

காலம்: வகுப்பு 8 அமர்வுகளில் முடிந்துவிடும், பெயர் பதிந்து தொடர்ந்து வர வேண்டும். குழு முடிவின்றி நடப்பது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டாலும் அடுத்ததில் தடையின்றிக் கலந்துகொள்ளலாம்.

பயன்: வகுப்புக்குப் பாடத்திட்டம் உண்டு. எதிர்கால இலக்குகளை வகுப்பது, மன அழுத்தத்தைத் தணிக்கும் பயிற்சி, சிகிச்சை வகைகள் பற்றிய அறிவு, வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசும் முறை ஆகியவை அதில் படிப்படியாக வருகின்றன. குழுவிலோ அன்றன்று மனத்தை அழுத்துவதே பேச்சு. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தாம் சமாளித்த விதத்தைப் பகிர்கிறார்கள். இரண்டிலுமே மருந்தைப் பரிந்துரைப்பதில்லை. அது மருத்துவரின் வேலை.

நோயைப் புரிந்துகொள்ளவே தடுமாறுபவருக்கும் அண்மையில் நோய் கண்டறியப்பட்டவருக்கும் வகுப்பே முதலில் ஏற்றது. அறிவு இருந்தும் தனிமையால் தளர்பவரும், வேலை நேரம் நிலையில்லாதவரும் குழுவை நாடலாம். வகுப்பை முடித்தவர் குழுவில் தொடர்வதற்கும் தடையில்லை.