மலிவு விலை எஃகு இலக்குத் தகடுகள்: காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் சொந்த நிலத்தில் துப்பாக்கிப் பயிற்சி செய்பவர்கள், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எஃகு இலக்குத் தகடுகளை வாங்கும் எண்ணத்தில் இருந்தால் சற்றுப் பொறுங்கள். எனக்குப் போனது 120 டாலர். என் மைத்துனருக்குப் போயிருக்க வேண்டியது ஒரு கண்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், நகர எல்லைக்கு வெளியே. இங்கே அப்படிப்பட்ட இடங்களில் உள்ள மனைப்பிரிவுகளில், 10 ஏக்கர் வரையிலான மனைகளில் சுடுவதைக் கவுன்டி நிர்வாகம் தடைசெய்யலாம். எங்கள் நிலம் அதைவிடப் பெரியது. குண்டு நிலத்தைத் தாண்டிப் போகாதபடி ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடும் எழுப்பியிருக்கிறோம். அட்டையில் சுட்டுச் சுட்டு அலுத்துப்போய்விட்டது. எஃகில் பட்டதும் 'டங்' என்று கேட்டுவிடும். ஓட்டை விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் நடந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ஏஆர்500 (தேய்மானம் தாங்கும்படி கடினமாக்கிய ஒரு ரகம்) எஃகு, 10 அங்குல வட்டத் தகடுகள் நான்கு, கனம் 3/8 அங்குலம், கைத்துப்பாக்கிக்கும் 100 கெஜத்திலிருந்து .308 ரைஃபிளுக்கும் ஏற்றது. நட்சத்திரங்களும் மதிப்புரைகளும் ஏராளம். "சீக்கிரம் வந்து சேர்ந்தது", "பெயின்ட் அருமை", "கணவருக்குப் பிறந்தநாள் பரிசு" என்று வரிசையாகப் பாராட்டு. சுட்டுப் பார்த்த பிறகு எழுதிய மதிப்புரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பெட்டியைப் பிரித்த கையோடு எழுதப்படும் மதிப்புரையால் இந்த மாதிரிப் பொருளுக்கு எந்தப் பயனும் இல்லை.

15 கெஜத் தூரத்தில் நின்று 9 மி.மீ. கைத்துப்பாக்கியால் சுட்டோம். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தோம். இரண்டாவது மேகசின் முடிவதற்குள் மைத்துனர், "அத்தான், முகத்தில் ஏதோ குத்திவிட்டது" என்றார். கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் கன்னத்து எலும்புக்கும் இடையில், நகத்துணுக்கு அளவுக்குச் சுருண்ட செப்புத் தகடு ஒன்று செருகியிருந்தது. குண்டின் மேலுறைதான் அப்படிக் கிழிந்து திரும்பி வந்திருக்கிறது. மருத்துவமனையில் எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள்.

வீடு திரும்பி, தகட்டின் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன். குண்டு பட்ட இடமெல்லாம் குழி. சில குழிகளில் சுண்டுவிரல் நுனி உட்கார்ந்தது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். எஃகு கடினமாகவும் சமதளமாகவும் இருந்தால், மோதும் குண்டு பொடியாகித் தகட்டின் முகத்தை ஒட்டியே பக்கவாட்டில் சிதறும். தகட்டின் மேல்பக்கத்தை முன்னால் சற்றுச் சாய்த்துத் தொங்கவிட்டால் பெரும்பகுதி மண்ணை நோக்கி இறங்கிவிடும். மென்மையான எஃகிலோ குழி விழுகிறது. அடுத்த குண்டு அந்தக் குழிக்குள் போய் விழுந்தால், குழியின் வளைவு துணுக்குகளைச் சுட்டவர் பக்கமே திருப்பி அனுப்பும். திறந்த குழாய்க்கு அடியில் கரண்டியைக் காட்டினால் தண்ணீர் நம் சட்டையில் அடிக்குமே, அதேதான். குழி விழுந்த தகட்டைத் திருப்பிப் போட்டுச் சுடலாம் என்று சிலர் சொல்வார்கள். குழியின் பின்புறம் புடைத்துக்கொண்டு இருக்கும். அதுவும் சமதளம் இல்லை.

விற்றவருக்குப் படங்களுடன் எழுதினேன். மிக அருகில் நின்று சுட்டிருப்பீர்கள் என்று முதல் பதில். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 கெஜம் என்பது அவர்களுடைய விளம்பரத்திலேயே இருக்கிறது. நாங்கள் நின்றது 15. அதைச் சுட்டிக்காட்டியதும், ரைஃபிளால் சுட்டிருக்கிறீர்கள் என்று பேச்சை மாற்றினார்கள். ரைஃபிளுக்கும் ஏற்றது என்று எழுதியவர்களும் அவர்களேதான்! கடைசியில், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்றார்கள். சுடாமல் எஃகு இலக்கின் தரத்தை யார் அறிவது?

உருக்காலைச் சான்றிதழைக் கேட்டேன். உண்மையான தகட்டுக்கு ஆலையிலிருந்து வார்ப்பு எண் (எந்தத் தொகுதியில் உருக்கியது என்று காட்டும் எண்), கடினத்தன்மை, கனம் எல்லாம் குறித்த தாள் வரும். மங்கலான படம் ஒன்றை அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அது அரை அங்குலத் தகட்டுக்கான சான்றிதழ். என்னிடம் இருப்பது அவர்கள் கணக்குப்படியே 3/8 அங்குலம். அதைக் கேட்டதோடு பதில் நின்றுவிட்டது.

பக்கத்து ஊரில் ஓர் இயந்திரப் பட்டறை இருக்கிறது. அங்கே ஒரு தகட்டைக் கொடுத்தேன். பட்டறைக்காரர் பெரியவர், முதலில் விளிம்பில் அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். வெண்ணிறத்தில் பொடி கொட்டியது. "இது 500 இல்லை" என்று அப்போதே சொல்லிவிட்டார். பிறகு கருவியில் வைத்து அளந்ததில் பிரினெல் கணக்கில் (எஃகின் கடினத்தைச் சொல்லும் அளவு) 130 சொச்சம். ஏஆர்500 என்றால் 500ஐ ஒட்டி இருக்க வேண்டும். கட்டடத்துக்குப் போடும் சாதாரண எஃகுதான் இப்படி 130ஐச் சுற்றி நிற்கும். கனமும் 3/8 இல்லை, 5/16. பின்புறத்தில் கொக்கியைத் தகட்டோடு வெல்டிங் செய்திருந்தார்கள். பெயின்டுக்கு அடியில் நீலம் பாரித்த வளையம் தெரிந்தது. அசல் ஏஆர்500 ஆகவே இருந்தாலும் இந்தச் சூட்டில் அந்த இடம் கடினத்தை இழந்து குழி விழும் இடமாகியிருக்கும் என்றார் அவர்.

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். ஏஆர்500 என்பது பொதுத் தர நிர்ணய அமைப்பு காவல் காக்கும் முத்திரை அல்ல. ஒவ்வோர் ஆலையும் தன் முறையில் தயாரிக்கிறது. ஆகவே அந்தப் பெயரை மட்டும் ஸ்டென்சிலில் அடித்து விற்பவரிடம் ஆலையின் பெயரையும் வார்ப்பு எண்ணையும் கேளுங்கள். தடுமாறினால் நகர்ந்துவிடுங்கள்.

எடை போட்டால் கனத்தில் செய்யும் திருட்டு வெளியே வந்துவிடும். 3/8 அங்குல எஃகு சதுர அடிக்கு 15.3 பவுண்டு, 10 அங்குல வட்டம் என்றால் ஏறக்குறைய 8⅓ பவுண்டு. எங்கள் சமையலறைத் தராசில் என்னுடையது ஏழு காட்டியது. ஆனால் மென்மையான எஃகும் கடினமான எஃகும் ஒரே எடைதான் என்பதால் தராசை மட்டும் நம்பாதீர்கள், அரமும் வேண்டும்.

விலைதான் கவலை என்றால், மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. தகட்டைத் தொங்கவிடும் தாங்கியை வாங்கவே வேண்டாம். 2x4 மரக்கட்டையும் நான்கு இணைப்பான்களும் போதும், குண்டு பட்டு உடைந்தால் கட்டையை மாற்றிக்கொள்ளலாம். சங்கிலிக்குப் பதிலாகப் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டில் தொங்கவிடுங்கள். முன்பக்கம் தெரியும் போல்ட் தலை உருண்டையாக இருக்கட்டும். 12 அங்குலச் சதுரத்துக்குப் பதில் 8 அங்குல வட்டம் எடுத்தால் எடை மூன்றில் ஒரு பங்காகிறது. அஞ்சல் செலவும் இறங்கும். கைத்துப்பாக்கி மட்டும் என்றால் கால் அங்குல அசல் ஏஆர்500 தாங்கும். ரைஃபிளுக்கு 3/8க்குக் குறையாமல், 100 கெஜத்துக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 3,000 அடியைத் தாண்டி வந்து மோதும் குண்டு நல்ல தகட்டையும் குடைந்துவிடும். இரும்பு ஊசி உள்ள பச்சைமுனைத் தோட்டா கூடவே கூடாது. விளையாட்டுத் துப்பாக்கியின் இரும்புச் சன்னமும் அப்படித்தான்; அது உடையாது, அப்படியே திரும்பி வரும். வேடிக்கை பார்க்க நிற்பவர்களுக்கும் கண்ணாடி வேண்டும்.

பணம் திரும்பி வந்தது, விற்றவரிடமிருந்து அல்ல, கடன் அட்டை நிறுவனத்திடமிருந்து. சொன்னபடி பொருள் தராவிட்டால், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்க இங்கே சட்டம் இடம் தருகிறது. பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டும் விளம்பரத்தின் படமும் போதுமானதாக இருந்தன. விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ரைஃபிள் என்ற சொல்லே காணாமல் போயிருந்தது.

இப்போது அதே படங்கள், அதே பின்புல வேலி, வேறொரு கடைப் பெயரில் வந்திருக்கின்றன. தகடுகளுக்கு இம்முறை மஞ்சள் பெயின்ட். பின்புறப் படத்தில் வெல்டிங் செய்த கொக்கி அப்படியே தெரிகிறது.